காஃப்கா கனெக்ட் இமேஜை நாமே கட்டுவது: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு சிறு குழுவாகக் கூடித் தரவுப் பொறியியல் படிக்கிறோம். நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புறைப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒரே கற்பனைக் கடைதான்: யாழ் நகர், சாவகச்சேரி, பருத்தித்துறை என மூன்று கிளை உள்ள மருந்துக்கடை. விற்பனை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பதிவாகிறது. அது உடனுக்குடன் காஃப்காவுக்குப் போகவேண்டும். இமேஜ் என்றால் ஒரு செயலியும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய டொக்கர் பொதி. அதிலிருந்து எழுப்பி ஓடுவது கொன்டெய்னர்.

அக்கா, காஃப்காவும் காஃப்கா கனெக்ட்டும் ஒண்டுதானே?

இல்லை. காஃப்கா என்பது செய்திகளை வரிசையாக எழுதி வைத்திருக்கும் இடம். 2011-இல் லிங்க்ட்இன் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. கனெக்ட் என்பது வெளியே இருக்கும் தரவுத்தளத்திலிருந்து காஃப்காவுக்கும், காஃப்காவிலிருந்து வெளியேயும் தரவைக் கொண்டுபோகும் தனிச் செயலி. 2015-இல் 0.9 பதிப்போடு வந்தது. அது வேறு கொன்டெய்னரில், வேறு ஜாவா செயலியாக ஓடும்.

கனெக்ட் தனியே இருந்தால் வெறும் பஸ் மாதிரி. எந்தத் தரவுத்தளத்தோடு எப்படிப் பேசுவது என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்தது கனெக்டர். கனெக்டர் என்பது சில ஜார் கோப்புகள் (தொகுத்த ஜாவா நிரல்களின் பொதிகள்), அவ்வளவுதான்.

ரெடிமேட் இமேஜ் இருக்கேக்க நாங்கள் ஏன் சொந்தமா ஒண்டு கட்டவேணும்?

உங்களுக்கு வேண்டிய கனெக்டர் எல்லாம் சேர்ந்து வரும் இமேஜ் பெரும்பாலும் கிடைக்காது. தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களைக் காஃப்காவுக்கு அனுப்பும் திறந்த மூலக் கனெக்டர்கள்தான் டெபீசியம். அந்தக் குழுவின் கனெக்ட் இமேஜில் டெபீசியம் கனெக்டர்கள் இருக்கும். அதோடு தரவைக் கோப்பாக அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் சேர்க்கவும் வேண்டும் என்றால் அந்தக் கனெக்டரை நீங்கள்தான் சேர்க்கவேண்டும். மாறாக, டெபீசியத்தின் மைஎஸ்கியூஎல் கனெக்டர் மட்டும் போதும் என்றால் ஒன்றும் கட்டாதீர்கள். இருப்பதை எடுத்து ஓட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கிற கொன்டெய்னருக்குள்ள போய் ஜாரைப் போட்டால் காணாதோ?

போட்டு, கொன்டெய்னரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினால் வேலை செய்யும். ஆபத்தே அதுதான். கொன்டெய்னருக்குள் எழுதுவது அந்தக் கொன்டெய்னருக்கு மட்டுமே உரிய மேலடுக்கில் எழுதப்படுகிறது. வெறும் மறுதொடக்கத்துக்கு அது தாங்கும். கொன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கினால் போய்விடும். டொக்கர் கொம்போஸ் கோப்பில் (எந்தக் கொன்டெய்னர்களை எப்படி எழுப்புவது என்று எழுதும் கோப்பு) ஒரு வரி மாற்றி மீண்டும் எழுப்பினாலே அது நடந்துவிடும்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மூன்று வேர்க்கர் (கனெக்ட் செயலியின் பிரதிகள்) ஓடின. யாரோ ஒருவர் அவசரத்தில் ஒன்றில் மட்டும் ஜாரைப் போட்டிருந்தார். வாரக்கணக்கில் எல்லாம் ஓடியது. ஒருநாள் இரவு அந்த வேர்க்கர் விழ, கனெக்ட் தன் வழக்கப்படி வேலையை அடுத்த வேர்க்கருக்கு மாற்றியது. அங்கே அந்த ஜார் இல்லை. ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க விடிந்துவிட்டது, ஏனென்றால் அந்த ஜார் போடப்பட்டதற்கு எங்கும் எழுத்தில் ஒரு தடயமும் இல்லை. ஒரே கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் கூட்டம்) உள்ள எல்லா வேர்க்கரிலும் ஒரே பிளகின்கள் (கனெக்டர் போன்ற சேர்க்கைகள்) இருக்கவேண்டும். அதை உறுதிப்படுத்த ஒரே இமேஜிலிருந்து எல்லாவற்றையும் எழுப்புவதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எந்த அடிப்படை இமேஜை எடுக்கிறது?

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குபெர்னெட்டீஸில் (பல கணினிகளில் கொன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஸ்ட்ரிம்சியோடு (அதில் காஃப்காவை நடத்தும் ஒபரேட்டர்) என்றால் ஸ்ட்ரிம்சியின் காஃப்கா இமேஜ்தான். வேறொன்றை அதற்குக் கொடுக்காதீர்கள். அதன் டாக்கில் (இமேஜ் பெயரோடு வரும் பதிப்புக் குறி) ஸ்ட்ரிம்சி பதிப்பு, காஃப்கா பதிப்பு இரண்டும் இருக்கும். இரண்டும் உங்கள் கிளஸ்டரோடு பொருந்தவேண்டும். தனிச் சேர்வரில் டொக்கர் கொம்போஸ் என்றால் டெபீசியம் இமேஜோ கன்ஃப்ளுவென்ட் நிறுவனத்தின் கனெக்ட் இமேஜோ இலகு. அப்பாச்சி காஃப்கா தன் சொந்த இமேஜை 2024-இல் 3.7 பதிப்போடு வெளியிட்டது. அதிலும் செய்யலாம், ஆனால் அது காஃப்காவின் சேர்வரான புரோக்கரைத் தொடங்கும்படி அமைந்தது. கனெக்ட்டைத் தொடங்கும் கட்டளையை நீங்களே கொடுக்கவேண்டும்.

டொக்கர்ஃபைலில் கனக்க எழுதவேணுமோ?

இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் கோப்புத்தான் டொக்கர்ஃபைல். நான்கு வரி போதும். ஸ்ட்ரிம்சி இமேஜை வைத்துச் சொல்கிறேன். முதல் வரி ஃப்ரம்: அடிப்படை இமேஜின் முழுப் பெயரும் பதிப்பும். இரண்டாவது யூசர்: ரூட் என்ற முழு அதிகாரப் பயனருக்கு மாறுவது. மூன்றாவது கொப்பி: உங்கள் பிளகின்ஸ் கோப்புறையை இமேஜுக்குள் ஒப்ட், அதற்குள் காஃப்கா, அதற்குள் பிளகின்ஸ் என்ற இடத்துக்கு. நான்காவது மறுபடி யூசர்: 1001 என்ற சாதாரணப் பயனருக்குத் திரும்புவது.

நான்காவது வரியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மறந்தால் இமேஜ் ரூட்டாக ஓடும். உங்கள் லப்டொப்பில் ஒன்றும் தெரியாது. பாதுகாப்பு விதி இறுக்கமான கிளஸ்டரில் அது எழும்பவே எழும்பாது.

எல்லாம் சரியாக் கட்டினன், ஆனா கனெக்டரைக் காணேல்லை!

வகுப்பில் அதிகம் வந்த கேள்வி இது. முதலில் காணவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். கனெக்ட் 8083-ஆம் போர்ட்டில் பேசும். அங்கே கனெக்டர்-பிளகின்ஸ் என்ற முகவரியைக் கேட்டால் தனக்குத் தெரிந்த கனெக்டர்களைப் பட்டியலாகத் தரும். அதில் பெயர் இருந்தால் கோளாறு இமேஜில் இல்லை; நீங்கள் அனுப்பிய அமைப்பில் கனெக்டரின் ஜாவா வகுப்பின் (கிளாஸ்) பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்.

பட்டியலில் இல்லையென்றால் பிளகின்.பாத் அமைப்பைப் பாருங்கள். அது பெற்றோர் கோப்புறையைச் சுட்டவேண்டும். அதற்குள் கனெக்டருக்கு ஒன்றாகக் கோப்புறைகள், அவற்றுக்குள் ஜார்கள். நேரே கனெக்டரின் கோப்புறையையே சுட்டிவிட்டால் கனெக்ட் ஒவ்வொரு ஜாரையும் தனித்தனிப் பிளகின் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மற்றது தெரியாது. ஜாவா வகுப்பைக் காணவில்லை என்று லொக்கில் கத்தும். எதிர்ப் பிழையும் உண்டு: இரண்டு கனெக்டர்களின் ஜார்களை ஒரே கோப்புறையில் கொட்டுவது. அப்போது ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் முட்டிக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல், பிளகின்.பாத் சுட்டவேண்டியது வாசலை.

இன்னும் இரண்டு காரணம் கண்டிருக்கிறேன். ஒன்று, சுருக்கிய கோப்பை அப்படியே கொப்பி செய்வது. கொப்பி கட்டளை எதையும் விரிக்காது. ஆட் கட்டளை உங்கள் கணினியில் உள்ள டார் கோப்பை விரிக்கும், இணையத்திலிருந்து எடுத்ததை இயல்பாக விரிக்காது, ஸிப்பை ஒருபோதும் விரிக்காது. மற்றது கோப்பு அனுமதி: உங்கள் கணினியில் உரிமையாளர் மட்டும் வாசிக்கலாம் என்றிருந்த ஜார், இமேஜுக்குள் ரூட்டின் கோப்பாக அதே அனுமதியோடு போகும். 1001 என்ற பயனருக்கு அதைத் திறக்க முடியாது.

பட்டியலில கனெக்டர் இருக்கு, ஆனா பொருத்தமான டிரைவர் இல்லையாம். ஏன்?

ஜேடிபிசி (ஜாவா தரவுத்தளங்களோடு பேசும் பொது முறை) கனெக்டரில் இது வரும். கனெக்டர் பொதுவானது, ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் உரிய டிரைவர் ஜார் வேறு. உரிமக் காரணங்களால் மைஎஸ்கியூஎல் டிரைவர் கன்ஃப்ளுவென்ட்டின் ஜேடிபிசி கனெக்டரோடு சேர்ந்து வருவதில்லை. நீங்கள் தனியே எடுத்துப் போடவேண்டும்.

எங்கே போடுவது? அந்தக் கனெக்டரின் கோப்புறைக்கு உள்ளேயே. மேலே சொன்ன அறைகளை நினையுங்கள். பக்கத்து அறையில் வைத்த டிரைவர் இந்த அறைக்குத் தெரியாது. கனெக்ட் 2017-இல் 0.11 பதிப்பிலிருந்து பிளகின்களை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது.

பழைய வீடியோவில ஃபைல் ஸ்ட்ரீம் கனெக்டரை வைச்சுக் காட்டினவை. எனக்கு அது இல்லை எண்டுது.

காஃப்கா 3.1.1, 3.2 பதிப்புகளிலிருந்து அதைப் பாதுகாப்புக்காக, இயல்பாக ஏற்றப்படும் ஜார்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சேர்வரில் உள்ள எந்தக் கோப்பையும் அதை வைத்து வாசிக்க முடிந்தது காரணம். ஜார் இமேஜின் லிப்ஸ் கோப்புறையில் இருக்கும். பயிற்சிக்கு வேண்டுமென்றால் பிளகின்.பாத்தில் அந்த ஒரு ஜாரைச் சேருங்கள். கடைக்குப் போகும் இமேஜில் சேர்க்காதீர்கள்.

61.0, 55.0 எண்டு ஏதோ எண் சொல்லி விழுகுது. என்ன அது?

ஜாவாப் பதிப்பு. 61 என்றால் ஜாவா 17-க்காகத் தொகுத்தது, 55 என்றால் ஜாவா 11. கனெக்டர் 61-இல் இருக்கிறது, இமேஜில் உள்ள ஜாவா 55 வரைதான் வாசிக்கும் என்பது செய்தி. டெபீசியம் 3 கனெக்டர்களுக்கு ஜாவா 17 வேண்டும், காஃப்கா 4.0-இன் கனெக்ட்டுக்கும் அதுவே குறைந்தபட்சம். இமேஜுக்குள் புது ஜாவாவை நிறுவ முயலாதீர்கள். அடிப்படை இமேஜின் பதிப்பை ஏற்றுங்கள், அல்லது கனெக்டரின் பதிப்பை இறக்குங்கள்.

எங்கட லைனில ஒவ்வொரு தரமும் இமேஜை இழுக்க ஒரு மணித்தியாலம் போகுது. வழி இருக்கோ?

இருக்கிறது, இதற்கு நேரம் செலவழிப்பது வீண் போகாது. இமேஜ் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலே உள்ளவை எல்லாம் திரும்பக் கட்டப்படும். கீழே உள்ளவை அப்படியே இருக்கும். ஆகவே அடிக்கடி மாறாத பெரிய கனெக்டர்களை முதலில் கொப்பி செய்யுங்கள், நீங்களே எழுதி நாளாந்தம் மாற்றும் சிறு ஜாரைக் கடைசி வரியில் வையுங்கள். அப்போது சேர்வருக்குப் போவது அந்தச் சிறு அடுக்கு மட்டும்.

வகுப்பில் ஒரே ரவுட்டரில் எல்லாரும் இருக்கும்போது இன்னொன்று நடக்கும். இமேஜ்களின் பொதுக் களஞ்சியமான டொக்கர் ஹப் 2020 நவம்பரிலிருந்து, கணக்கில் நுழையாமல் இழுப்பவர்களை ஐபி முகவரியை வைத்து எண்ணி எல்லை போடுகிறது. எங்கள் எல்லாருக்கும் வெளியே தெரியும் முகவரி ஒன்று. கடைசி ஆள் இழுக்கும்போது, அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள் என்று மறுக்கும். கணக்கில் நுழைந்தால் உங்கள் கணக்கே எண்ணப்படும்.

நாங்கள் இப்போது ஒருவரின் லப்டொப்பில் ரெஜிஸ்ட்ரி (இமேஜ்களைச் சேமித்துத் தரும் சேர்வர்) இமேஜை 5000-ஆம் போர்ட்டில் ஓட்டி, மற்றவர்கள் அதிலிருந்து இழுக்கிறோம். அந்த முகவரியை நம்பும்படி ஒவ்வொருவரின் டொக்கர் அமைப்பிலும் ஒருமுறை சேர்த்துவைத்தால் போதும். அதற்கும் வசதி இல்லாத நாளில் டொக்கர் சேவ் கட்டளையால் இமேஜை ஒரே கோப்பாக்கி, பென்டிரைவில் கொடுத்து, டொக்கர் லோட் செய்கிறோம். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு தம்பி வீட்டில் அப்படித்தான் எல்லாப் பயிற்சியையும் செய்து முடித்தார்.

தேவையில்லாத ஃபைலை ரன் வரியில அழிச்சனான். இமேஜ் ஏன் சிறிசாகேல்லை?

கீழ் அடுக்கில் எழுதியதை மேல் அடுக்கு மறைக்கத்தான் முடியும், எடுக்க முடியாது. இரண்டு கட்டமாகக் கட்டுங்கள்: முதல் கட்டத்தில் இறக்கி, சரிபார்த்து, விரித்து, வேண்டாததை நீக்குங்கள், இரண்டாம் கட்டத்தில் அடிப்படை இமேஜை எடுத்து, முதல் கட்டத்தின் முடிவை மட்டும் கொப்பி செய்யுங்கள். டொக்கரில் 17.05 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

மாக்கில கட்டினன், சேர்வரில எக்ஸெக் ஃபோர்மட் பிழை வருது.

புதிய மாக்கின் சிப் ஆர்ம் வகை. உங்கள் சேர்வர் ஏஎம்டி64 வகை. ஜார்கள் இரண்டிலும் ஓடும், ஆனால் அவற்றைச் சுமக்கும் அடிப்படை இமேஜ் ஓடாது. பில்ட்எக்ஸ் கட்டளையில் பிளாட்ஃபோர்மைக் குறிப்பிட்டுக் கட்டுங்கள்.

தரவுத்தளப் பாஸ்வேர்டை டொக்கர்ஃபைலில எழுதலாமோ?

கூடாது. டொக்கர் ஹிஸ்டரி கட்டளை தெரிந்த யாரும் அதை வாசிக்கலாம். எழுதிவிட்டு அடுத்த வரியில் அழித்தாலும், மேலே சொன்ன அதே காரணத்தால் கீழ் அடுக்கில் இருக்கும். மருந்துக்கடைத் தரவு என்றால் அதில் யார் என்ன மருந்து வாங்கினார் என்பதும் இருக்கும். இது ஊர் மக்களின் அந்தரங்கம். இதில் கொஞ்சமும் சலுகை காட்டாதீர்கள்.

கனெக்ட்டிலேயே இதற்கு வழி உண்டு. கொன்ஃபிக் புரொவைடர் என்பார்கள். அமைப்பில் கடவுச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுட்டியை எழுதினால், ஓடும்போது அதை ஒரு கோப்பிலிருந்தோ சூழல் மாறியிலிருந்தோ எடுத்துக்கொள்ளும். சூழல் மாறிக்கானது காஃப்கா 3.5-இல் வந்தது. இமேஜ் எல்லாருக்கும் பொது. இரகசியம் அந்தந்தச் சேர்வரில் மட்டும்.

ஸ்ட்ரிம்சியில டொக்கர்ஃபைலே எழுதாமல் கட்டலாம் எண்டினம். உண்மையோ?

உண்மை. காஃப்கா கனெக்ட் வளத்தின் யாமல் அமைப்புக் கோப்பில் பில்ட் என்ற பகுதியில் எந்தக் கனெக்டர், அது எந்த முகவரியில் இருக்கிறது, கட்டியதை எந்த ரெஜிஸ்ட்ரியில் வைப்பது என்று எழுதினால் ஒபரேட்டரே கட்டி, தள்ளி, அதை வைத்து வேர்க்கர்களை எழுப்பும். ஜார், டார், ஸிப், மேவன் எல்லாம் ஏற்கும்.

இரண்டு இடத்தில் கவனம். கோப்பின் ஷா512 சரிபார்ப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள்; எழுதாவிட்டால் இறக்கியது சரியான கோப்புத்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. அடுத்தது, அதே முகவரியில் இருக்கும் கோப்பு மாறினால் ஒபரேட்டருக்கு அது தெரியாது. ஃபோர்ஸ் ரீபில்ட் குறிப்பைச் சேர்த்துத்தான் திரும்பக் கட்டவைக்கவேண்டும். என் விருப்பம் கேட்டால்: படிக்கும்போது டொக்கர்ஃபைலைக் கையால் எழுதுங்கள். உள்ளே நடப்பது விளங்கியபின் இதற்கு மாறுங்கள்.

டாக்குக்கு லேட்டஸ்ட் எண்டு விட்டால் என்ன?

நேற்று ஓடிய லேட்டஸ்ட்டும் இன்றைய லேட்டஸ்ட்டும் ஒன்றா என்று சொல்ல யாராலும் முடியாது. காஃப்கா பதிப்பு, கனெக்டர் பதிப்பு, உங்கள் சொந்த எண் மூன்றையும் சேர்த்துப் பெயரிடுங்கள். ஒருமுறை தள்ளிய பெயரில் வேறொன்றைத் தள்ளாதீர்கள்.

தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியா வருது, அக்கா.

முதலில் எங்கே உடைகிறது என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல் அட்டவணை லத்தீன்1 எழுத்துக்குறியீட்டில் இருந்தால் எழுத்து அங்கேயே போய்விட்டது; இமேஜை எத்தனை தரம் கட்டியும் பயனில்லை. அங்கே சரியாக இருந்து காஃப்காவில் உடைந்தால், நீங்களோ வேறொருவரோ எழுதிய கனெக்டர் ஜாவாவின் இயல்பு எழுத்துக்குறியீட்டை நம்பியிருக்கக்கூடும். ஜாவா 18-இலிருந்துதான் அந்த இயல்பு யூடிஎஃப்-8. 17-இலும் அதற்கு முன்பும் அது சூழலைப் பொறுத்தது. மொழிச் சூழல் அமைக்காத இமேஜில் அது வெறும் ஆஸ்கி. தமிழுக்கு அதில் இடமே இல்லை.

டொக்கர்ஃபைலில் ஒரு என்வி வரியில் லாங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் சோதனைத் தரவில் எப்போதும் ஒரு ஸ்ரீயும் ஒரு ஔவும் இருக்கட்டும்.

பின்னேரம் ரெண்டு மணி விற்பனை, ஏழரை மணி எண்டு காட்டுது. இமேஜில நேர வலயத்தை மாத்தவோ?

மாற்றினால் லொக்கில் தெரியும் நேரம்தான் மாறும். மைஎஸ்கியூஎல்லின் டேட்டைம் நிரலில் நேர வலயம் இல்லை. டெபீசியம் அதை யூடிசி நேரம் என்றே கொண்டு எண்ணாக்குகிறது. நீங்கள் அதை இலங்கை நேரமாகக் காட்டும்போது ஐந்தரை மணித்தியாலம் இன்னொரு தரம் கூடுகிறது. டைம்ஸ்டாம்ப் நிரலுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வாசிக்கும் பக்கத்தில் திருத்துங்கள். வெறுமனே 5.30-ஐக் கழிக்காமல் ஆசியா/கொழும்பு என்ற வலயப் பெயரைப் பயன்படுத்துங்கள். இலங்கை 2006 ஏப்ரலில்தான் இப்போதைய நேரத்துக்குத் திரும்பியது. அதற்கு முந்தைய பத்தாண்டில் வேறு கணக்கு. பழைய பதிவுகள் இருந்தால் நிலையான எண் பிழைக்கும்.

புது இமேஜுக்கு மாறினால் எல்லாத் தரவும் முதல்ல இருந்து வருமோ?

வராது, மூன்று விடயம் மாறாமல் இருந்தால்: கனெக்ட்டின் குரூப் ஐடி, அதன் மூன்று உள் டொபிக்குகள் (காஃப்காவில் உள்ள செய்தி வரிசைகள்), கனெக்டரின் பெயர். எதுவரை வாசித்தோம் என்ற ஓஃப்செட் காஃப்காவில் இருக்கிறது, இமேஜில் இல்லை. பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அது புதுக் கனெக்டர், முதலிலிருந்து தொடங்கும். டெபீசியத்தின் மைஎஸ்கியூஎல் கனெக்டருக்கு அட்டவணை அமைப்பின் வரலாற்றை வைத்திருக்கும் டொபிக் ஒன்றும் உண்டு, அதையும் அழிக்கவேண்டாம்.

மாற்றும் இடைவெளி நீண்டுவிட்டால் வேறு சிக்கல். மைஎஸ்கியூஎல் 8 தன் பின்லொக்கை (மாற்றங்களின் பதிவேடு) இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். பலர் இடம் போதாமல் அதைக் குறைத்திருப்பார்கள். அதைத் தாண்டிக் கனெக்டர் நின்றால் விட்ட இடம் அழிந்திருக்கும். முழுப் பிரதியை மறுபடி எடுக்கவேண்டும். போஸ்ட்கிரஸில் நேரெதிர்: கனெக்டர் திரும்பி வரும் என்று, அது வாசித்த இடத்தைக் குறித்து வைக்கும் ஸ்லொட் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும், வட்டு நிறைந்து தரவுத்தளமே நின்றுவிடும். ஆகவே பழைய கனெக்டரை நிரந்தரமாக நிறுத்தும் நாளில், அதன் ஸ்லொட்டையும் அதே நாளில் நீக்கிவிடுங்கள்.